மாப்பிள்ளையின் தலை குறித்துச் சம்பந்திக்கு

இயேசு மரி சூசை துணை

மானகிரி,
திங்கட்கிழமை காலை.

மதிப்பிற்குரிய சம்பந்தி தனிஸ்லாஸ் சார் அவர்களுக்கு,

மானகிரியிலிருந்து இஞ்ஞாசிமுத்து பணிவுடன் எழுதிக்கொள்வது. இன்னும் ஒப்பந்தம் ஆகவில்லை, மோதிரம் மாற்றவில்லை, அதற்குள் சம்பந்தி என்று எழுதலாமா என்று பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தேன். எழுதிவிட்டேன். அதை அடித்துவிட்டு வெறும் சார் என்று போட மனம் வரவில்லை. தங்கள் துணைவியாருக்கும், எங்கள் வீட்டுக்கு மருமகளாக வரப்போகும் மெர்சிக்கும், தவக்காலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்துபோன தங்கள் அக்கா சலேத்தம்மாளுக்கும் என் தோத்திரங்களைச் சொல்லவும். அங்கே எல்லோரும் சுகம் என்று நம்புகிறேன். இங்கே நானும் என் மனைவி வியாகுலம்மாளும் சுகம். மகன் மரிய ஆனந்த் கழுத்து வரைக்கும் சுகம். அதற்கு மேலே நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இதைப் போனில் சொல்லக்கூடாதா என்பீர்கள். போனை எடுத்தால் பாதிப் பேச்சில் வியாகுலம் அதைப் பிடுங்கி, "அண்ணே, சுகமா இருக்கீகளா?" என்று ஆரம்பித்து, உங்கள் வீட்டுக் கோழிக்குஞ்சு வரைக்கும் விசாரித்துவிட்டு வைத்துவிடுவாள். வாட்ஸ்அப்பில் போடலாம் என்றால் எனக்கு அது எப்போதும் குடும்பக் குரூப்புக்குப் போய்விடுகிறது. போன கிறிஸ்துமஸுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த என் மூலநோய் மருந்துச் சீட்டு அப்படித்தான் போய், சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் கைகூப்பும் படம் போட்டார்கள். தவிர, தாங்கள் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுத்தில் கொடுத்தால், நடுவில் கோபம் வந்தாலும் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுத்தான் மார்க் போடுவீர்கள் என்று ஒரு தைரியம்.

விஷயம் இதுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒப்பந்தத்துக்கு மாப்பிள்ளை மொட்டைத் தலையோடு வருவான். முழு மொட்டை. அதைப் பார்த்ததும் இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று தாங்கள் எழுந்துவிடக் கூடாது என்பதற்காக, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தை மாதம் நாங்கள் பெண் பார்க்கத் திருப்பத்தூர் வந்தோமே, அன்றைக்கு எல்லோருக்கும் காபி கொடுத்த பிறகு தாங்கள் ஆனந்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஒரு வார்த்தை சொன்னீர்கள். "மாப்பிள்ளைக்கு முன்பக்கம் கொஞ்சம் வெளிச்சமா இருக்கே" என்று. நான் மின்வாரியத்தில் இருந்தவன், காலமெல்லாம் ஊருக்கு வெளிச்சம் கொடுத்தவன், அதனால் அதை நல்லவிதமாகவே எடுத்துக்கொண்டேன். வியாகுலம் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. பஸ் கிளம்புவதற்குள் ஆரம்பித்துவிட்டாள். "அவுக வேண்டாம்னு சொல்றதுக்கு அடி போடுறாக. ஒப்பந்தத்துக்குள்ள எம்புள்ளைக்கு முன்னாடி முடி வந்தாகணும். நீங்க என்ன செய்வீகளோ ஏது செய்வீகளோ, எனக்குத் தெரியாது" என்றாள். நான் சிரித்து மழுப்பினேன். ஆனால் எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். இதற்கு முன்னால் வந்த ஒரு வரன் தட்டிப்போனபோது காரணமே சொல்லவில்லை. அன்று ஆனந்த் இருட்டும் வரைக்கும் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். மெர்சியைப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கோ, சாப்பிட்ட தட்டைத் தானாகக் கழுவிக் கவிழ்த்து வைத்தான். பெற்றவனுக்குத் தெரியாதா? பையன் மனதில் பெண் உட்கார்ந்துவிட்டாள். இது கைநழுவினால் அவன் தாங்கமாட்டான் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

எண்ணெய் என்றால் நான் அறிந்தது டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய் ஒன்றுதான். அதில் ஈரம் சேர்ந்தால் வடிகட்டுவோம், கெட்டுப்போனால் மாற்றுவோம், அதோடு சரி. தலைக்கு என்ன எண்ணெய் என்று எங்கள் ஆபீஸில் யாரும் சொல்லித்தரவில்லை. ஆனால் மானகிரியில் அது தெரியாத ஆளே கிடையாது என்பது அப்புறம்தான் தெரிந்தது. கோயில் வாசலில் ஒருவர் விளக்கெண்ணெய் என்றார். டீக்கடையில் இன்னொருவர், விளக்கெண்ணெயா, இருக்கிற முடியும் ஒட்டிக்கொண்டு வந்துவிடும், வேப்பெண்ணெய் என்றார். ரேஷன் கடை வரிசையில் பாதாம் எண்ணெய் என்றார்கள், அதுவும் பாமாயிலுக்காகக் கையில் பையோடு நின்றுகொண்டு. கேட்ட இடத்தில் எல்லாம் நான் பையனின் தலைமுடி விவகாரத்தைச் சொல்ல வேண்டி வந்ததால், எண்ணெய் முடிவாவதற்குள் ஊர் முழுவதும் விஷயம் தெரிந்துவிட்டது.

முதலில் விளக்கெண்ணெயில்தான் ஆரம்பித்தோம். அது சாவகாசமான எண்ணெய் சம்பந்தி, தலையில் ஊற்றினால் உள்ளேயும் போகாது, கீழேயும் இறங்காது. ஆனந்த் காரைக்குடி இன்ஷூரன்ஸ் ஆபீஸுக்குப் பைக்கில் போகிறவன் என்பது தெரியுமே. எண்ணெய்த் தலையில் ஹெல்மெட்டை மாட்டினால், இவன் இங்குட்டுத் திரும்பினால் அது அங்குட்டுப் பார்க்கிறது. பிரேக் போட்டால் கண்ணுக்கு இறங்குகிறது. ஒரு நாள் வளைவில் கண்ணாடி காதுப்பக்கம் போய், ஒன்றும் தெரியாமல் வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைத் தூக்கிப் பார்த்தால் நாலா பக்கமும் செம்மறியாடு. அங்கே நின்ற போலீஸ்காரர் ஹெல்மெட்டைக் கழற்றிக் கொடு என்று வாங்கியிருக்கிறார், அது அவர் கையிலிருந்து வழுக்கி ரோட்டில் உருண்டு ஓடியிருக்கிறது. அவர் உள்ளங்கையை மோந்து பார்த்துவிட்டு, "வயிறு சரியில்லையா தம்பி? இதக் குடிக்கணும், தலையில ஊத்தப்படாது" என்று பரிவோடு சொல்லி அனுப்பிவிட்டாராம். மறுநாளிலிருந்து ஆனந்த் பைக்கை வீட்டில் வைத்துவிட்டுப் பஸ்ஸில் போகத் தொடங்கினான்.

அடுத்தது எங்கள் எதிர்வீட்டுப் பொன்னழகு சொன்ன காய்ச்சிய எண்ணெய். அந்தப் பிள்ளைக்கு முடி இடுப்பைத் தாண்டி இறங்கும், ஆகவே பேச்சுக்கே இடமில்லை. தேங்காய் எண்ணெயில் சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, வெந்தயம், செம்பருத்தி எல்லாம் போட்டு, "சடசடப்பு அடங்குனதும் எறக்கிருங்கண்ணே" என்று பதம் சொல்லிக்கொடுத்தது. நானும் வாசல் பக்கத்தில் செங்கல் அடுக்கி, விறகு மூட்டி, பெரிய இரும்புச் சட்டியை ஏற்றினேன். ஓய்வு பெற்ற பிறகு எனக்குக் கிழமை பிடிபடுவதில்லை. அன்றைக்குத் தவக்காலத்து வெள்ளிக்கிழமை. வெங்காயம் சிவந்து, கறிவேப்பிலை பொரிந்து, வாசனை தெருவை நிறைத்த நேரம் பார்த்து, சாயந்தரச் சிலுவைப் பாதை ஊர்வலம் எங்கள் தெருவுக்குள் திரும்பியது. சாம்பல் புதனிலிருந்து கவுச்சி வாசமே இல்லாமல் இருக்கிற சனம். எங்கள் வாசலுக்கு வந்ததும் பாட்டு மெலிந்தது. முன்னால் போனவர்கள் நின்றுவிட்டார்கள், அங்கே நின்று செபிக்க வேண்டிய ஸ்தலமே இல்லை. உபதேசியார் மட்டும் உள்ளே எட்டிப் பார்த்து, "என்ன இஞ்ஞாசி, அடுப்புல?" என்று கேட்டார். பதற்றத்தில் நான், "ஒண்ணுமில்லங்க, தலைக்குத்தான்" என்றேன். "வெள்ளிக்கிழமையில தலைக்கறியா!" என்று அவர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். நான் கரண்டியோடு அவர் பின்னாலேயே ஓடி விளக்கிச் சொன்னேன். கரண்டியைப் பார்த்தார்களே தவிர யாரும் விளக்கத்தைக் கேட்கவில்லை. அந்த ஞாயிறு பிரசங்கம் முழுவதும் உபவாசத்தைப் பற்றி. ஃபாதர் எங்கள் பெஞ்சைப் பார்க்காமல் இருக்க எவ்வளவோ முயற்சி பண்ணினார், பாவம்.

அந்த எண்ணெயை ஆனந்த் ஒரு வாரம் தேய்த்தான். ஒரு நாள் வந்து, "அப்பா, நான் ஆபீஸுக்குள்ள நொழைஞ்சா எல்லாரும் மணியப் பாக்குறாக. சாப்பாட்டு நேரம் வந்துருச்சான்னு" என்றான். அதோடு அதையும் நிறுத்தினோம்.

இனி அதே தவக்காலத்தில் ஒரு சனிக்கிழமை நடந்தது. இதில் தங்கள் அக்காவும் சம்பந்தப்படுவதால், ஆரம்பத்திலேயே என் மன்னிப்பைக் கேட்டுக்கொள்கிறேன். மற்றதெல்லாம் போகட்டும், முறைப்படி நல்லெண்ணெய் தேய்த்து சனிக்கிழமை எண்ணெய்க்குளியல் போடுவோம் என்று வியாகுலம் சொன்னாள். அவளே கரிசலாங்கண்ணிச் சாறு பிழிந்து எண்ணெயில் கலந்து, உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் அறைந்து தேய்த்து, ஊறட்டும் என்று பையனை வாசல் வெயிலில் உட்கார வைத்தாள். இடுப்பில் ஒரு துண்டு. முகமெல்லாம் பச்சையும் கறுப்புமாக வழிகிறது, பெற்ற எனக்கே யாரென்று இரண்டு தடவை பார்க்க வேண்டியிருந்தது. அந்த நேரம் பார்த்து ஆட்டோவில் வந்து இறங்குகிறார்கள் தங்கள் அக்கா. பெண் பார்த்த அன்றைக்கு அவர் இல்லை அல்லவா, மாப்பிள்ளையை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஆசையாக வந்திருக்கிறார். நேராக இவனிடமே, "ஏப்பா, மாப்பிள்ளைத் தம்பி வீட்டுல இருக்காகளா?" என்று கேட்டார். இவன் என்ன செய்தான் தெரியுமா? வெட்கத்தில் எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, "இல்லம்மா, காரைக்குடி போயிருக்காக" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குள்ளே நடந்து குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான்.

மகன் பொய் சொல்லிவிட்டான் என்று பெண் வீட்டாரிடம் காட்டிக்கொடுப்பதா, நாங்களும் சேர்ந்து பொய் சொல்வதா என்று நானும் வியாகுலமும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். சேர்ந்துவிட்டோம். அது தப்புதான் சம்பந்தி, பிள்ளைப் பாசம். தங்கள் அக்கா எங்கள் கூடத்துத் தரையைப் பார்த்து, "ஆத்தங்குடிக் கல்லு எங்க வீட்டுலயுந்தான் கெடக்கு, இம்புட்டுப் பளபளப்பு இல்லையே, என்ன போட்டுத் தொடைக்கிறீக?" என்று கேட்டார். அத்தனையும் ஆனந்தின் கால் எண்ணெய். வியாகுலம் அவர் கையைப் பிடித்தபடியே கூடம் முழுவதும் நடத்திக் கூட்டிப் போனாள். அதை மரியாதை என்று நினைத்து அக்கா நெகிழ்ந்துபோனார், அது அவர் வழுக்கி விழாமல் இருப்பதற்காக. மாப்பிள்ளை வருவார் வருவார் என்று காபி குடித்தார், பிறகு மோர் குடித்தார், குளியலறைக் கதவு திறக்கவே இல்லை. புறப்படும்போது என்னிடம், "மாப்பிள்ளையப் பாக்க முடியலையேன்னு இருக்கு. ஆனா உங்க வேலையாளு நல்ல தெடமான ஆளா இருக்கான். எங்க தோப்புல தேங்கா உரிக்க ஆளே கெடைக்கல, ஒரு வாரம் அனுப்பி வைங்களேன்" என்றார். நானும் வாய்க்கு வந்த வேகத்தில், "அனுப்பி வைக்கிறேம்மா" என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். அந்த வாக்கை இந்தக் கடிதத்தின் மூலம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அவர் பார்த்த ஆள்தான் மாப்பிள்ளை என்பதைத் தாங்கள் பக்குவமாக எடுத்துச் சொல்லவும்.

இப்படியாகத் தவக்காலம் முடிந்து உயிர்த்த ஞாயிறும் வந்தது. அந்த வாரத்தில் ஒரு காலை வியாகுலம் கத்திய கத்தலில் நான் பாம்பு என்று நினைத்துக் கம்போடு ஓடினேன். ஆனந்தின் நெற்றிக்கு மேலே அரும்பு அரும்பாக முடி! கையால் தடவினால் சுணை மாதிரி உறுத்துகிறது. என் எண்ணெய் வேலை செய்துவிட்டது என்றேன் நான். "என்னோட பக்குவம்ணே அது" என்று பொன்னழகு எதிர்வீட்டிலிருந்தே சத்தம் போட்டது. "ஹெல்மெட்ட விட்டதுனாலதாம்ப்பா" என்றான் ஆனந்த். டீக்கடைக்குப் போய் எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் வியாகுலம் மட்டும் ஒரு மூலையில் உட்கார்ந்து முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

"ஏன் அழுகுற, அதான் முடி வந்துருச்சுல்ல?" என்றேன்.

"ஓரியூர் அருளானந்தர்கிட்ட நேந்திருந்தேன்."

"என்னன்னு?"

"எம்புள்ளைக்கு முடி வந்துட்டா, ஒப்பந்தத்துக்கு முன்னாடியே அந்த முடியக் கொண்டாந்து உனக்கே எறக்கி வைக்கிறேன்னு."

"அடி இவளே, எடுக்குறதுக்கா வளக்கச் சொன்ன?" என்றேன். "வந்ததத்தானே குடுக்க முடியும்? வராததையா குடுக்கிறது?" என்றாள். தாங்கள் படித்தவர் சம்பந்தி, இந்தக் கணக்கு தங்களுக்காவது புரிகிறதா? ஃபாதரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர், "மனசுதாம்மா முக்கியம், மனசக் குடுங்க" என்றார். "மனசுல முடி இல்லையே சாமி" என்றாள். பூமுடியாகக் கொஞ்சம் கத்தரித்துக் கொடுத்தால் போதும் என்று அவர் இறங்கி வந்தார். "அவரு வேதத்துக்காக வெட்டுப்பட்டுத் தலையையே குடுத்தவரு. அவருக்குப் போயி ஒரு கிள்ளு முடியக் குடுத்துட்டு வரச் சொல்லுறீகளே" என்று இவள் கேட்டதும் ஃபாதர், எனக்குப் பூசைக்கு நேரமாகிறது என்று உள்ளே போய்விட்டார். அன்றைக்குப் பூசையே கிடையாது.

கடைசியில் ஆனந்த்தான் முடிவு சொன்னான். "விடுங்கப்பா. அம்மா சரியாத் தூங்கியே எத்தனை நாளாச்சு. முடிதானே, போனாப் போகுது" என்றான். முன்பக்கம் அரும்பியதை ஆசை தீரக் கண்ணாடியில் ஒரு தரம் பார்த்துவிட்டு, முந்தாநாள் எங்களோடு ஓரியூருக்குப் பஸ் ஏறினான். அங்கே மழித்தவர் முன்பக்கம் வந்ததும் கத்தியை நிறுத்தி, "இதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தீக?" என்று கேட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு எண்ணெயும் அந்த ஒரு விரற்கடைக்குத்தானே.

ஆகவே சம்பந்தி அவர்களே, தங்களை நான் கேட்டுக்கொள்வதெல்லாம் இதுதான். முடி ஓரளவு வளரும் வரைக்கும் ஒப்பந்தத்தைத் தள்ளிவைக்கலாம் என்றாலும் எங்களுக்குச் சம்மதம், இந்தத் தலையோடே வரலாம் என்றாலும் சம்மதம். வேண்டாம் என்ற ஒரு வார்த்தையை மட்டும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். என் பையனுக்கு முன்பக்கம் முடி இல்லாமல் இருக்கலாம், குணத்தில் குறை கிடையாது. பெற்றவள் வாய்விட்டுச் சொன்ன சொல்லுக்காகத் தலையை நீட்டியவன். நாளைக்குத் தங்கள் மகள் சொல்லுக்கும் நீட்டுவான்.

தங்கள் குடும்பத்தார் எல்லோர் தலைக்கு மேலும் ஆண்டவருடைய கை எப்போதும் இருக்கட்டும். தங்கள் தோப்பில் காய் குறையாமல், தங்கள் துணைவியாருக்கு முழங்கால் வலி தீர்ந்து, மெர்சி எப்போதும் சிரித்த முகமாக இருக்க எங்கள் வீட்டு இரவு செபத்தில் தினமும் வேண்டிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சம்பந்தி என்று கையெழுத்துப் போட ஆசைப்படும்
இஞ்ஞாசிமுத்து.

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்காகப் பசையைத் தேடும்போது ஆனந்த் வந்து, யாருக்குக் கடிதம் என்று வாங்கிப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறான். ஓரியூரில் மொட்டை போட்ட கையோடு, மரத்தடியில் நின்று மெர்சிக்கு வீடியோ கால் பண்ணிக் காட்டிவிட்டானாம். மெர்சி விக்கல் வருகிற வரைக்கும் சிரித்துவிட்டு, "இந்தத் தலை நல்லாத்தான் இருக்கு, இப்படியே வாங்க. தள்ளிப்போட்டா நான் ஒத்துக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டதாம். தங்களுக்கும் காட்டினதாம், தாங்கள் ஒன்றும் மறுத்துச் சொல்லாமல், ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டிலிருந்து எத்தனை பேர் சாப்பிட வருவார்கள் என்று மட்டும் கேட்டீர்களாம். எனக்கு உயிர் வந்தது. ஓடிப்போய் வியாகுலத்திடம் சொன்னேன். அவள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, இன்னொரு விஷயத்தைச் சொன்னாள். அங்கே கத்தி ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் பயத்தில் இன்னொன்றும் நேர்ந்துவிட்டாளாம். பெண்ணைப் பெற்றவர் வாயிலிருந்து வேண்டாம் என்ற சொல்லே வராமல் இந்தக் கல்யாணம் நடந்துவிட்டால், இரண்டு சம்பந்திகளும் சேர்ந்து வந்து ஓரியூரில் மொட்டை போடுவார்கள் என்று. "அவுகளக் கேக்காம அவுக தலைய எப்படி நேரலாம்?" என்று கேட்டேன். "கேட்டாச் சம்மதிப்பாகளா?" என்கிறாள்.

என் தலை போகட்டும். இந்த வயதிலும் ஒரு நரை இல்லாமல், சீப்பு நிற்கிற அளவுக்கு அடர்ந்த தங்கள் தலையில் கத்தி ஓடுவதற்குத்தான் என் மனம் ஒப்பவில்லை. ஆகையால் வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்று மேலே கெஞ்சியிருக்கிறேனே, அந்த வரியை அடித்துவிடவும். தயவுசெய்து ஒரே ஒரு தடவை வேண்டாம் என்று சொல்லவும். கடிதம் கிடைத்ததும் வீட்டுப் போனுக்கு அடியுங்கள், வியாகுலம்தான் எடுப்பாள். கோழிக்குஞ்சைப் பற்றி அவள் கேட்பதற்கு முன்னால் சொல்லிவிட்டு வைத்துவிடுங்கள். பத்து நிமிடம் கழித்து என் நம்பருக்கு அடித்து, சரி, நடக்கட்டும் என்று சொல்லிவிடுங்கள். நடுவில் அவள் அழுவாள். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.